ஆறெழுத்துச் சட்டமும் அரை மார்க்கும்

போன வாரம் எங்கள் தி.நகர் ஆபீஸில் பெயர் சூட்டு விழா. குழந்தைக்கு அல்ல... கம்ப்யூட்டரில் ஏறும் தகவல்களுக்கு!

விஷயம் இதுதான். அடையாறு கல்லூரி ஒன்றுக்கு நாங்கள் ரிசல்ட் போட்டுத் தருகிறோம். மாணவர் பட்டியல் போடும் புரொகிராம் கோபோல் மொழியில். மார்க்கைக் கூட்டும் என் புரொகிராம் ஃபோர்ட்ரானில். கோபோல்காரர்கள் ஒரு தகவலுக்கு முப்பது எழுத்தில்கூடப் பெயர் வைப்பார்கள். ஃபோர்ட்ரான் ஆறு எழுத்துக்கு மேல் தாங்காது. ஆக, ஒரே மார்க்குக்கு ஆளுக்கொரு பெயர்.

மானேஜருக்கு இது பொறுக்குமா? மயிலாப்பூர்க்காரர், ஒழுங்கு என்றால் உயிர். சர்க்குலர் வந்தது. எந்த மொழியானாலும் ஒரே பெயர், ஆறே எழுத்து. மார்க் என்றால் முதல் எழுத்து 'எம்'. மீறினால் மெமோ.

ஃபோர்ட்ரானுக்கு ஒரு குணம் உண்டு. பெயர் 'ஐ' முதல் 'என்' வரை எந்த எழுத்தில் தொடங்கினாலும், நாம் வேறு மாதிரி சொல்லி வைக்காவிட்டால், முழு எண் என்று எடுத்துக்கொண்டு பின்னத்தை வெட்டிவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும். மெமோ பயத்தில் அவசரமாகப் பெயரை மாற்றினேன், 'எம்' அதற்குள் அடக்கம் என்பதை மறந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரிசல்ட் வந்த மறுநாள், எங்கள் லிப்ட் ஆபரேட்டர் கண்ணன் — நொச்சிக்குப்பத்துக்காரர் — அந்தக் கல்லூரியில் படிக்கும் மகள் செல்வியின் விடைத்தாள்களோடு மானேஜர் அறைக்கு வந்து நின்றார். கையால் கூட்டினால் 360, முதல் வகுப்பு. எங்கள் லிஸ்டில் 358. முதல் வகுப்பு போனால் டீச்சர் டிரெயினிங் ஸீட்டும் போச்சு.

"நாலு பேப்பர்ல அரை அரை மார்க் வாங்கிகீது சார். அதெல்லாம் எங்க பூட்ச்சி?"

காரணத்தை நான் சொன்னேன். சர்க்குலரை மாற்ற முடியாது என்றார் மானேஜர்.

"அரை மார்க்தானே ஓய். இனிமே முழுசாவே போடச் சொல்லி காலேஜுக்கு ஒரு லெட்டர் எழுதிடலாம்."

நீங்களே சொல்லுங்கள், இந்த மூளைக்கு முன்னால் கம்ப்யூட்டர் எதற்கு?

கண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே போய், 'இது பின்னம் உள்ள எண்' என்று அறிவிக்கும் ஒரே ஒரு கார்டைப் பஞ்ச் பண்ணி, புரொகிராம் கார்டுக் கட்டின் தலையில் செருகினேன். பெயர் மாறவில்லை, சட்டமும் மீறப்படவில்லை. 360 வந்தது. கல்லூரிக்குப் புது லிஸ்ட் போனது. செல்வி தப்பித்தாள்.

சர்க்குலரால்தான் தப்பே பிடிபட்டது என்று மானேஜர் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று நானும் அவரும் ஏறிய லிப்ட், மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவே நின்றது. கண்ணன் கம்பிக் கதவைத் திறந்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"எறங்கிக்கங்க சார். அரை மாடிதானே."