சட்டைப் பையில் ஒரு ஜம்பர்

திரைச்சீலைக் கம்பியின் ஒரு பக்கத்து ஸ்குரூ கழன்று விழுந்து நாளாகிவிட்டது. வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாமல், போன ஞாயிற்றுக்கிழமை பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். எதற்கும் உதவாத, ஆனால் தூக்கிப்போட மனசு வராத சாமான்கள் குடியிருக்கும் டப்பா. நட்டு, வாஷர், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவி. அவற்றுக்கு நடுவில், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு.

"இது என்னது, குப்பையில போடவா?" என்றாள் மனைவி.

பிடுங்கிக்கொண்டேன் என்றே சொல்லவேண்டும். அதற்குப் பெயர் ஜம்பர். பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் பின்பக்கம் ஊசி ஊசியாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தொப்பி மாதிரி இதை அதில் எங்கே மாட்டுகிறோம், அல்லது மாட்டாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே கேபிளில் இருக்கும் இரண்டில் அந்த டிஸ்க் எஜமான், அதாவது 'மாஸ்டர்' ஆகும், அல்லது அடிமை, 'ஸ்லேவ்' ஆகும். என் கையில் இருந்தது மாதேஷின் டிஸ்க்கில் இருந்து கழற்றியது.

மாதேஷ் அஞ்செட்டிக்கு உள்ளே, பஸ் எப்போதாவது போகிற ஊர்க்காரன். பர்கூரில் என்ஜினியரிங் படித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தான். நான் அருப்புக்கோட்டையில் இருந்து டிப்ளமோவோடு வந்து அதே கம்பெனியில் சி.என்.சி. மிஷின் ஓட்டினேன். வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். கம்பெனிக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வரிசை வீடுகளில் ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர். அது கஷ்டமாகத் தெரியவில்லை, ஏனென்றால் எங்களுக்கு ஷிப்ட் வேறு வேறு. அவன் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் நான் படுப்பேன். இருவர் தலையிலும் மிஷினில் ஊற்றுகிற அதே கூலன்ட் எண்ணெய் வாசனை என்பதால் தலையணை யாருடையது என்ற சண்டையும் வந்ததில்லை.

அவனுக்குக் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாயில் வரும். எனக்குத் தமிழே அருப்புக்கோட்டைத் தமிழ்தான் வரும். நான் "போயிருச்சு" என்றால் போதும், அன்று முழுக்கப் "போயிருச்சு, வந்துருச்சு" என்று பாட்டாகவே பாடுவான்.

கம்ப்யூட்டரை இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாகப் பொறுக்கி, கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தோம். மாநில எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில், வரி கேட்டு இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. கண்டக்டர் கன்னடத்தில் என்னவோ கேட்டார். மாதேஷ் என்னவோ சொன்னான். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். என்னடா சொன்ன என்று கேட்டால், "புதுசா கண்ணாலம் ஆனவன், பொண்டாட்டிக்கு டிவி வாங்கினு போறான்னு சொன்னேன்" என்றான். ஓசூர் வரும்வரை நான் மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

விண்டோஸ் போட்டு, நான் ஆட்டோகேட்டில் டிசைன் வரையப் பழகினேன். பழகினேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. படம் பார்த்ததுதான் அதிகம். மாதேஷுக்கு அது போதவில்லை. அவனுடைய சீனியர் ஒருவர் பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். லினக்ஸில் உருப்படியாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வா, இன்டர்வியூவுக்குச் சொல்கிறேன் என்றிருந்தார். ஆயில் துணியும் ஸ்பேனருமாக ஆயுசைக் கழிக்க மாட்டேன் என்று மாதேஷ் அடிக்கடி சொல்வான். அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற அந்த லினக்ஸின் சிடி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்திருந்தது. எனக்குப் பயம். என் டிஸ்க்கில் தங்கை கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. யாரோ ஒருவன் லினக்ஸ் போடப்போய் மொத்தமும் அழிந்த கதையை கேன்டீனில் கேட்டிருந்தேன். "எல்லாம் போயிருச்சுன்னா என்னடா பண்றது?" என்றேன். அவன் பாட்டுப் பாடவில்லை. அடுத்த வாரம் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், தனக்கென்று ஒரு செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கி வந்தான்.

எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷினுக்குள் கைவிடும் முன் ஃபியூஸைக் கழற்றித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவர்களைக் கேட்காமல் யாரும் சுவிட்ச் போட முடியாது. லினக்ஸ் போட்ட ஞாயிற்றுக்கிழமை, மாதேஷ் என் டிஸ்க்கில் இருந்து நாடா மாதிரி அகலமான கேபிளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தான்.

"இந்தா, உன் ஃபியூசு. பாக்கெட்ல வெச்சிக்க. உன் டிஸ்க்கு இப்ப இந்த ஊட்லயே இல்ல. நான் என்னா பண்ணாலும் அத்துக்கு ஒண்ணியும் ஆவாது."

கேபிளைப் பையில் திணித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 'எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா' என்று திரை இங்கிலீஷில் கேட்டபோது அவன் என் பையைத் தட்டிக்காட்டிவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தான்.

அப்புறம் இரண்டையும் மாட்டும்போது, ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ் என்று வைப்பதுதான் வழக்கம் என்றான். செகண்ட் ஹேண்டில் வந்தது அவனுடையது, அதுவே ஸ்லேவாக இருக்கட்டும் என்றும் அவனே சொன்னான். எனக்கு அது என்னவோ போலிருந்தது, வேண்டாம் என்றேன். தன் டிஸ்க்கைச் சிடி டிரைவின் கேபிளில் மாட்டினான். இரண்டு டிஸ்க்கும் மாஸ்டர், பாவம் சிடி டிரைவ் ஸ்லேவ். அவன் டிஸ்க் ஜம்பர் இல்லாமலே மாஸ்டராக ஓடியதால் அப்போது மிஞ்சியதுதான் இது. "இத்தயும் நீயே வெச்சிக்க. இனிமே என் ஃபியூசும் உன்கிட்ட" என்றான்.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன், கட்டிலில் கிடக்கிற என்னைப் பார்த்து, "ஃபியூசு எங்க?" என்பான். நான் தூக்கத்திலேயே பையைத் தட்டி, "இருக்கு, போடு" என்பேன். ஆன் செய்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் எந்த டிஸ்க் என்று கேட்கும். அவன் அவனுடையதற்குப் போவான், நான் என்னுடையதற்கு. அவன் எழுதியது, ஷிப்ட் பட்டியல் போடுகிற ஒரு புரோகிராம். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அதுவே பிரித்துக் கொடுக்கும். வேறெங்கும் நகல் இல்லை, அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

விஜயதசமிக்கு மறுநாள் இன்டர்வியூ. டிஸ்க்கையே கழற்றிக் கொண்டுவா, இங்கே மாட்டிக்கொள்ளலாம் என்று சீனியர் சொல்லியிருந்தார். ஆயுதபூஜையன்று கம்பெனியில் பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு அறைக்கு வந்தோம். வீட்டுக்கார சரோஜம்மாவிடம் ஒரு சாவி இருக்கும். தெலுங்குக்காரர், எங்கள் மேல் பிரியமானவர். என் சைக்கிள், இஸ்திரிப்பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போட்டிருந்தார். சூட்டுக்காக நாங்கள் எப்போதும் திறந்தே வைத்திருக்கும் கேபினெட் மூடியையும் ஒழுங்காகச் சாத்தியிருந்தார். அறையே மணத்தது. மாதேஷ் கடைசியாக ஒருமுறை புரோகிராமை ஓட்டிப்பார்க்க உட்கார்ந்தான்.

"ஏம்ப்பா, பூசை போட்டது. இன்னிக்கித் தொடக்கூடாது" என்றார் சரோஜம்மா வாசலில் நின்று.

"அஞ்சு நிமிசம்தாம்மா."

"நாளைக்கி வௌக்கேத்திட்டு எடு. சாமி காரியம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். தெலுங்கில் வாதாடியும் பார்த்தான், நடக்கவில்லை.

மறுநாள் காலை கழற்றுவதற்காக மூடியைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய டிஸ்க் ஸ்குரூ இல்லாமல், பச்சை போர்டு மேலே பார்த்தபடி அட்டையில் கிடக்கும். அந்தப் போர்டின் நடுவில் குழைத்த சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம். என்னுடையது கேபினெட்டில் மாட்டியிருந்ததால் பொட்டு வெளித்தகட்டோடு நின்றுவிட்டது.

"உள்ளாற ரெண்டு இருந்திச்சி. ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வுட்டா நல்லா இருக்காதுன்னு ரெண்டுக்கும் வெச்சேன்" என்றார் சரோஜம்மா. அவர் குரல் இறங்கிப்போனது.

மாதேஷ் கோபப்படவில்லை. ஈரமாக இருக்கும்போது ஆன் செய்திருந்தால் போர்டு எரிந்தேபோயிருக்கும் என்று அவனுக்கு உடனே உறைத்துவிட்டது. தொடவிடாமல் தடுத்தவரும் அவர்தானே. எஸ்.பி. ரோடு மூடியிருந்தது, கம்பெனி மூடியிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் மட்டும் ஸ்பிரிட் கிடைத்தது. என் பல்துலக்கும் பிரஷ்ஷால், காய்ந்த சந்தனத்தைப் பொடிப்பொடியாக அவன் சுரண்டி எடுக்க, சரோஜம்மா டேபிள் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் கேபிளை மாட்டினான். சுவிட்ச்சில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஃபியூசு எங்க?"

பையைத் தட்டினேன்.

டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத்தொடங்கியதும் சரோஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவன் பெங்களூர் போனான். வேலை கிடைத்தது. அந்த மாதக் கடைசியிலேயே பெட்டியைக் கட்டிவிட்டான். கம்ப்யூட்டரில் அவன் எடுத்துக்கொண்டது அந்த டிஸ்க்கை மட்டும்தான். மிச்சமெல்லாம் உனக்கு என்றான்.

அவன் போன மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். எந்தக் குறையும் சொல்லாமல் விண்டோஸ் வந்து நின்றது. அவன் சொன்னபடியேதான், ஒண்ணியும் ஆகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடனே அணைத்துவிட்டுப் படுத்தேன். கட்டில் ஜில்லென்று இருந்தது.

கொஞ்ச வருஷம் போனில் பேசினோம். பிறகு அவன் வெளிநாடு போனான், நம்பர் மாறியது. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சரோஜம்மாவும் இல்லை. ஜம்பர் மாட்டுகிற டிஸ்க் எங்கேயும் கிடையாது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு லேப்டாப். யாரும் யாரையும் கேட்டு எதையும் ஆன் செய்வதில்லை.

ஸ்குரூ கிடைக்கவில்லை. ஜம்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இதை எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை பையைத் தட்டிப் பார்த்தேன். இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.