நீலக் குச்சியிலிருந்து ஓர் எறி

ஆட்டம் தொடங்கும் இடத்தைக் காட்ட நட்டிருக்கும் குச்சிகளில், சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்னைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். போர்ட் பிளேருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில், டிஸ்க் கோல்ஃப் ஆட நீலக் குச்சியருகே தட்டும் கையுமாக நிற்கிறேன். தட்டை எறிந்து விழவைக்க வேண்டிய சங்கிலிக் கூடை ஓடைக்கு அப்பால் இருக்கிறது. ஓடைக்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை.

தட்டு வாடகைக்குத் தரும் செல்வி சிரிக்கிறார். “அரே அண்ணே, நீலம் பக்கா ஆளுங்களுக்கு. கூடை எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா உங்க சிவப்பு ஓடைக்கு அந்தப் பக்கம். பாலத்துல போங்க.”

“தட்டு தண்ணில விழுந்தா?”

“முதலைகிட்ட நீங்கதான் கேட்டு வாங்கணும்.”

பாலத்தில் நடக்க என் மெயின்லேண்டு மானம் மறுக்கிறது. உற்சாகம் தலைக்கேற, கண்ணை மூடிக்கொண்டு எறிகிறேன்.

தட்டு ஓடையைத் தாண்டிவிடுகிறது. கூடைக்குப் போகவில்லை; கத்துக்குட்டிகள் ஆட்டத்தைத் தொடங்கும் சிவப்புக் குச்சியருகே போய் விழுகிறது.