வெள்ளித் தடியின் தலையைக் கழற்றிப் பார்த்தோம்

இந்த வருடம் நெல் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு, பள்ளிவாசல் கந்தூரி விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, சம்மாந்துறையில் இருந்து திருக்கோவிலுக்கு ஒரு நாள் பயணம் போய் வந்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. போனைப் பிடித்துக்கொண்டு கதைப்பேன், அது எழுதிக்கொள்ளும். பிழை இருந்தால் போனுக்கு ஏசுங்கள்.

போன காரணம் ஒரு தடி. எங்கள் கந்தூரி ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால் ஆளுயரக் கருங்காலித் தடி ஒன்று போகும். தலையில் மாதுளம்பழம் அளவு வெள்ளிக் குமிழ். எங்கள் ஊருக்கு அதுதான் செங்கோல். என் உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எனக்கு முன் தூக்கினார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால்தான் மருமகனான என் கைக்குத் தடி வந்தது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். முப்பது வருடத்துக்கு மேல் தூக்கிவிட்டேன். இப்போது அது எனக்குப் பாரம். எனக்குப் பிறகு என் மகன் ரியாஸ் என்று மனதுக்குள் முடிவும் எடுத்திருந்தேன்.

அதற்குள் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகன் சலீம், தடி தனக்கு வரவேண்டியது என்று பள்ளிவாசலில் போய்ச் சொல்லிவிட்டான். அவனுடைய வாப்பா தெற்கே காலி ஊரில் இருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கே கலியாணம் கட்டியவர். "காலிக்காரன்ட மகனுக்கு எங்கட தடியா?" என்று அவன் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். பள்ளித் தலைவர் மரைக்கார் என்னைக் கூப்பிட்டார். "தடி செய்தது திருக்கோவில் பக்கத்தில வெள்ளி வேலை செய்யிற பத்தர் குடும்பம் எண்டு கேள்வி. தலையும் ஆடுது, இறுக்க வேணும். போய் விசாரிச்சு வாங்க. நீங்க வந்து சொல்றதுதான் முடிவு" என்றார்.

ஆளுயரத் தடியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. குடும்பத்தில் ஓட்டோ வைத்திருப்பது யார்? சலீம்தான். நாற்பது வயது தாண்டியவன், வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை. தடியை மருதமுனைச் சாரன் ஒன்றில் சுற்றி, குறுக்கே வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

"மாமா, அது என்ட முதுகில குத்துது. இன்னும் முடிவு வரல்லயே, அதுக்குள்ள குத்துறீங்க?"

"முடிவு வந்தாலும் குத்துவன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

காரைதீவில் தெற்கே திரும்பினால் பாதை நேர். நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். ஒரு கை கடல் பக்கம், மறு கை வயல் பக்கம். பாதையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள், பார்த்து ஓட்ட வேண்டும். அக்கரைப்பற்றில் பிளேன்டீயும் ரொட்டியும். காசு நான் கொடுக்கப்போனால் சலீம் விடவில்லை. "பிறகு லஞ்சம் எண்டு கதைப்பாங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே அவன்தான் கொடுத்தான். யார் யாருக்குக் கொடுத்தால் லஞ்சம் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

திருக்கோவிலில் கோயிலுக்குப் போகும் பாதையில் பூக்கடைக்காரரிடம் கேட்டோம். "பத்தர் வீடா? கடல் பக்கம் இறங்குங்க, சுத்தியல் சத்தம் கேட்கும்" என்றார். கேட்டது.

பட்டறையில் இருந்தவர் செல்வம். தடி செய்தவரின் பேரன். அவருடைய தாய் பூமணி அக்காவுக்குத் தொண்ணூறு இருக்கும். தடியைப் பார்த்ததும் எழும்பி வந்தார். "இது எங்கட அப்பாட கை. தம்பி, ஆர் நீங்க?" என்றார். எழுபத்தாறு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோசம்.

செல்வம் குமிழை மெல்லச் சூடு காட்டிக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் "இங்க வாங்க" என்று கூப்பிட்டார். வெளியே வழவழப்பான குமிழ், உள்ளே ஆறு துண்டு வெள்ளி பக்கம் பக்கமாய் ஒட்டியிருந்தது. ஒரு துண்டில் பூக்கொடி, ஒன்றில் மீன் செதில் போல வரி, ஒன்றில் வெறும் புள்ளி. இத்தனை வருடம் தூக்கிய எனக்கு உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

"தண்டை" என்றார் பூமணி அக்கா. "உங்கட ஊர்ப் பொம்பிளையள் ஆறு பேர் மாட்டு வண்டில்ல வந்தாங்க. நான் சின்னப் பிள்ளை. காலில கிடந்ததைக் கழட்டி வச்சாங்க. அப்பா உருக்கப் போனார், விடேல்ல. உருக்கினா ஆருட எது எண்டு தெரியாமப் போயிரும், தட்டி ஒட்டுங்க எண்டுட்டாங்க."

"எந்தக் குடியாம்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது எங்கள் குடியின் பெயர். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், குடி என்றால் வம்சம், எங்கள் பக்கத்தில் அது தாய் வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி.

"ஒரு சொல்லும் சொன்னாங்க தம்பி. எங்கட வயித்துப் பிள்ளையள்தான் இதத் தூக்கோணும், எண்டு. அப்பா சிரிச்சார். தடி செய்யத்தான் எனக்குத் தெரியும், சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்க எண்டார்."

என் மனம் கணக்குப் போட்டது. மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அல்ல எனக்குத் தடி வந்தது. பத்து ஆண்பிள்ளை இருந்திருந்தாலும் அவர்கள் தங்கள் உம்மாவின் குடி, தடி எனக்குத்தான் வந்திருக்கும். என் மனைவி மருதமுனை, வேறு குடி. ரியாஸ் அவள் குடி. என் ராத்தாவின் மகனோ என் குடி, அவன் வாப்பா காலியில் இருந்து வந்தால் என்ன, சீனாவில் இருந்து வந்தால் என்ன.

திரும்பும்போது நிந்தவூர் கிட்ட ரியாஸ் போன் எடுத்தான். சொன்னேன். "அப்ப உங்கட பக்கத்தால எனக்கு ஒண்டுமில்லையா வாப்பா?" என்றான். நான் வாய் திறக்குமுன் சலீம் முன்னால் இருந்து கத்தினான்: "மச்சான், மாமாட கோபம் முழுக்க உனக்குத்தான்டா!" போனுக்குள் ரியாஸ் சிரித்தது கேட்டது. முழுச் சிரிப்பு இல்லை. அன்று பின்னேரமே மரைக்காரிடம் போய் "என்ட ராத்தாட மகன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் இருந்து திருக்கோவில் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். கல்முனையில் இருந்து வந்தால் அக்கரைப்பற்று பஸ் எடுத்து, அங்கே மாறுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், எங்கள் ஊர்களில் கடை பூட்டியிருக்கும். வெள்ளிச் சாமானைப் புளி போட்டு நீங்களே தேய்க்காதீர்கள், செல்வம் அதைத்தான் இரண்டு தரம் சொன்னார்.

கந்தூரி பார்க்க வருகிறவர்கள் பெண்கள் கூடி நிற்கும் மதிலுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். நான் அந்த இடத்தை எப்போதும் நேரே பார்த்துக் கடந்து போய்விடுவேன். இந்த வருடம் சலீம் அங்கே நின்றான். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தடியைச் சாய்த்து, வெள்ளித் தலையை மதில் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தான். முதலில் என் ராத்தா கை நீட்டித் தொட்டாள். பிறகு மற்றப் பெண்கள். ஊர்வலம் முழுக்கப் பின்னால் காத்து நின்றது.