தேசம்மாளின் முழங்கால்

தோணியிலிருந்து இறங்கிய ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "நர்சம்மா, நம்ம தேசம்மா பூட்ச்சி. காத்தாலதான்."

பழவேற்காடு அரசு ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு ஏரியைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன். சாவு வீட்டுப் பந்தலில் ஒருவர், "பெத்தவளுக்குப் புதுமுட்டி வச்சி, நடக்கவுடாம தாங்கினான் புள்ள" என்று புகழ்ந்துகொண்டிருந்தார். குப்பத்துக்காரர்களே, தேசம்மாளை அறிந்த உங்களில் பலரும் தலையாட்டினீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் கடலில் மாண்ட பிறகு, மீன்கூடை சுமந்து ஒரே மகன் ஏழுமலையை வளர்த்தவர் அவர். விடியலில் தோணியில் இக்கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரிச் சந்தைக்குப் போவார். ஐம்பதைத் தாண்டியதும் வலது முழங்கால் தேய்ந்து கோணிவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அப்போது புதிதாக வந்திருந்த மூட்டு மாற்று அறுவைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "தோணில கால் தூக்கி வெக்க முடியுமா சார்?" விடாமல் பயிற்சி செய்தால் முடியும் என்றாராம் டாக்டர்.

ஊர் திரும்பியதும், அங்கே சொல்லியனுப்பிய பயிற்சிகளை நான்தான் செய்யவைத்தேன். குதிகாலுக்கடியில் துணிச்சுருள் வைத்து முழங்காலைக் கீழே அழுத்த வேண்டும். கணுக்காலில் சிறு மணல்பை கட்டித் தூக்க வேண்டும். மடக்கும்போது உயிர் போகும் வலி. நான் கையை எடுத்தால் அதட்டுவார்: "அழுவறேன்னு நிறுத்தாத நர்சம்மா. அது பாட்டுக்கு அழுவும், நீ மடக்கு."

உலர்மணலில் கைத்தடி புதைந்ததால், அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடக்கத் தொடங்கினார். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, கலெக்டராட்டம் காத்து வாங்குறியா?"

"ஆமாண்டா, மனு இருந்தா குடு."

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில், யார் கையையும் பிடிக்காமல் வலது காலைத் தூக்கித் தோணிக்குள் வைத்தார். பாதிக் கூடை மீனோடு பொன்னேரிக்குப் போனார். தரையில் குந்தக் கூடாது என்பதால் மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து விற்றிருக்கிறார். மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "வித்துட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் அவர் இக்கரைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். கூடை பரண்மேல் ஏறியிருந்தது. ஏழுமலை அப்போது ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற ஆளாகியிருந்தான்.

"ஆப்பரேசன் பண்ண அம்மாவ கூடை தூக்க வுட்டுட்டான்னு ஊர்ல காறித் துப்புவானுங்க நர்சம்மா. என் மானம் இன்னாவுறது?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருப்பா."

"வூட்டுக்குள்ள நடக்கட்டும்."

பெரியவர்கள் அவன் பக்கமே பேசினார்கள். அவரை ஏற்றக் கூடாது என்று தோணிக்காரர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். கூடை இல்லாமல், வெறுங்கையோடு அவர் காலை நேரங்களில் துறைக்கு வந்து நின்றார். ஒவ்வொரு தோணியும் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. தோணியைத் தள்ளியவர்களும் அதில் ஏறிப்போனவர்களும் நீங்கள்தான். பிறகு அவர் துறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பார்க்கப் போகும்போதெல்லாம் காலை மடக்கி நீட்டிக் காட்டுவார். "முட்டி நல்லாதான் கீது நர்சம்மா. போறதுக்குத்தான் எடமில்ல" என்றார் ஒருமுறை. வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு கனத்தது, சர்க்கரை ஏறியது, மூச்சு வாங்கியது. கடைசியில் காலை மடக்கிக் காட்டுவதையும் விட்டுவிட்டார்.

இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டும்போது நானும் கூட இருந்தேன். மணலிலும் தார்ச்சாலையிலும் அத்தனை வருடம் நடந்தவரின் பாதங்களில் ஒரு வெடிப்புகூட இல்லை. பிறந்த குழந்தையின் பாதம்போல மெத்தென்றிருந்தன. "எவ்ளோ சொகமா வச்சிருந்திருக்காங்க பாரேன்" என்றாள் தண்ணீர் ஊற்றியவள்.

தேசம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோபம் மட்டுமே. அதை ஆற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.