அம்மாவைத் திருப்பிய அடி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு மேடை கிடையாது. லயத்து வீட்டு வரிசைகளுக்கு நடுவே சனம் சுற்றி நிற்கும்; ஆடுகிறவர்கள் எந்தப் பக்கமிருந்தும் வருவார்கள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டுவது தப்படிக்கிற என் வேலை. அந்தப் பக்கமாகப் போய் ஓங்கி அடித்தால் எல்லாத் தலையும் திரும்பும். ஒரு தலை திரும்பாவிட்டாலும் எனக்குப் பொறுக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், காமனை எரிக்கிற விடியற்காலையில், வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அக்காவை ஏற்றிப்போக வேன் வந்து கீழே ரோட்டில் நின்றது. கிட்டே வந்தால் அழுதுவிடுவாய் என்று அம்மாவை அக்கா மேலே கூத்து நடக்கிற இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டாள்.

காமனை எரிக்கச் சிவன் வேடக்காரர் ரோட்டுக்கு எதிர்ப்பக்க மேட்டிலிருந்து இறங்கினார். நான் அடித்தேன். எல்லோரும் மேட்டைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் காதோரம் போய் வெறி பிடித்தவன் மாதிரி அடித்தேன்.

“இந்தா பாக்குறேன்டா” என்று திரும்பினாள். மறுபடி ரோட்டைப் பார்த்தபோது வேன் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அக்கா பெட்டியில் வந்தாள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிமேல் தலை சாய்த்துக் கிடந்த அம்மா என்னிடம் கேட்டாள்: “வேன்ல ஏறுறப்ப அவ நம்மளத் திரும்பிப் பார்த்தாளாடா?”

நானும் மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.