வேஸ்ட் துணியில் கட்டிய படகு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குப் பதினொரு வருஷம் ஜீப் ஓட்டினேன். 2006-ல் அவர் ஒரு ஃபைபர் படகு வாங்கினார். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவருடைய தென்னந்தோப்பை ஒட்டி ஏரி. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் அதில் சவாரி. படகை டிரெய்லரில் வைத்து இழுத்துப் போய் இறக்கி ஏற்றுவது என் வேலை. துணைக்கு அந்தோணி. எங்கள் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அவனை விடமாட்டார்கள்.

1. இறக்குவது

ரிவர்ஸில் டிரெய்லரைத் திருப்ப ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். சிமெண்ட் சரிவில் டிரெய்லர் சக்கரம் முழுகும் வரை மெதுவாக இறங்க வேண்டும். படகு மிதந்த பிறகுதான் அதன் மூக்கில் மாட்டிய வின்ச் பெல்ட்டை, டிரெய்லரின் முன்தூணிலிருந்து படகை இழுத்துப் பிடிக்கும் பட்டையை, கழற்ற வேண்டும். அவ்வளவுதான். இறக்குவதில் எனக்கு ஒரு நாளும் தப்பு வரவில்லை.

அந்த பெல்ட் ஓரத்தில் பிரிந்திருந்தது. இரண்டு தடவை சொன்னேன்.

"பெல்ட் மாத்தோணுங்க முதலாளி."

"படகு மாசத்துக்கு ஒருக்கா எறங்குது. அப்பறம் பாக்கலாம் போ."

2. ஏற்றுவது

ஒரு நாள் ஜெர்மன் பையர் சவாரி முடித்துத் தோப்பு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். முதலாளிக்கு அவசரம். படகைப் பாதி இழுக்கும்போதே பெல்ட் அறுந்தது. மீதியைக் கையால் தள்ளி ஏற்றினோம். மூக்கை டிரெய்லர் தூணோடு கட்டக் கயிறு இல்லை.

"ஜீப்புல வேஸ்ட் துணி கெடக்குதல்ல? முறுக்கிக் கட்டு" என்றார்.

"பனியன் துணிங்க. இழுபடுமுங்க."

"ஜெர்மங்காரனே இழுத்துப் பாத்துட்டுத்தான் வாங்கறான். உனக்கு ஆவாதா?"

அவரே சிரித்துக்கொண்டார். அந்தோணி சிரிக்கவில்லை.

"ரப்பர் மாதிரி நீளும் அண்ணே. கடல்ல இப்படி ஒருத்தனும் கெட்டமாட்டாவ" என்றான்.

"கடலுக்கே போயிரு. இங்க பின்னால நின்னு புடி" என்றார் முதலாளி.

நான் கட்டினேன். நாலு மடிப்பு, இரண்டு முடிச்சு. அந்தோணி முழங்கால் தண்ணீரில் படகின் பின்பக்கம் நின்றான். ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். தண்ணீரை விட்டு வரவர படகின் கனம் முழுவதும் துணியில் இறங்கியது. துணி அறுபடவில்லை. நீண்டது. கண்ணாடியில் பார்த்தேன். படகு பின்னால் வழுக்கியது.

பிரேக் போட்டுக் குதித்து ஓடினேன். அந்தோணியின் வலது பாதம் படகுக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவே இருந்தது.

முதலாளியும் ஓடி வந்தார். குனிந்து படகைப் பார்த்தார்.

"அடியில கீறல் உழுந்துருச்சாப்பா?"

ஜாக்கி வைத்துத் தூக்கி அந்தோணியை வெளியே எடுத்தேன். ஜீப்பில் படுக்க வைத்தேன். டிரெய்லரைக் கழற்றிவிடக் கொக்கியின் பின்னைப் பிடுங்கினேன்.

"டேய், தண்ணிக்குள்ள போயிரும்டா!"

போனது. டிரெய்லர், படகு இரண்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

3. அதற்குப் பிறகு

ஓவர்லாக் மெஷின் பெடலில் வலது காலை அழுத்தி அழுத்தித்தான் தைக்க வேண்டும். அந்தோணியால் பிறகு முடியவில்லை. பிசிறு வெட்டும் இடத்தில் கத்திரியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருஷ டெய்லர். அடுத்த வாரமே, ஏரியிலிருந்து மீட்ட படகுக்குப் புது பெல்ட் வந்தது.

டிரைவர் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெல்ட் சரியில்லையா, வண்டியை நகர்த்தாதே. பின்னால் ஆள் நிற்கிறானா, நகர்த்தாதே. யார் கத்தினாலும் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்.

முதலாளி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் முடிச்சுப் போட்டது நான். அன்றைக்குச் சாவியும் என்னிடம்தான் இருந்தது.