பதில் மணி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பட்டாளத்தில் கம்பி வழியாக எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். கோலியனூர் பக்கம் எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அது தெரியாது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

என் பெரிய அண்ணனுக்குப் பட்டாளத்தில் டெலிபோன் கம்பி போடுகிற வேலை. மலைமேல் காவல் இருப்பவர்களுக்கும் கீழே இருக்கிற அதிகாரிக்கும் நடுவில் கம்பி இழுக்க வேண்டும். அறுந்தால் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். மல்லாட்டைக் கடலை விதைப்புக்கு அவன் லீவில் வந்தபோது, அப்பாவுக்கு அது கேலியாக இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏண்டா, எல்லாருக்கும் துப்பாக்கி குடுத்தானுங்க, உனக்கு மட்டும் நூலுருண்டையா?"

"சுடுன்னு சொல்றதே அந்த நூலு வழியாத்தான் போவுது நைனா."

சொன்னதோடு நிற்கவில்லை. கிணற்றுமேட்டில் நைனா மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. அண்ணன் சணலை முறுக்கி, வரப்போரத்துப் பூவரச மரங்களின் கிளைமேல் விட்டு, எங்கள் அடுப்படி வாசலிலிருந்து கிணற்றுமேடு வரைக்கும் கயிறு கட்டினான். இரண்டு முனையிலும் மாட்டுமணி. இங்கே இழுத்தால் அங்கே அடிக்கும், அங்கே இழுத்தால் இங்கே அடிக்கும்.

"ஒரு இழுப்பு இழுத்தா, இருக்கியான்னு கேக்கறது. அந்தப் பக்கத்து ஆளு திருப்பி இழுத்தா, இருக்கேன்னு அர்த்தம். கேட்டா பதில் குடுத்தே ஆவணும் பாப்பா. பதில் வரலன்னா லைன் அறுந்துபோச்சு. கம்பியக் கையில புடிச்சிக்கினே போய்ப் பாக்கணும்."

"மழை பேஞ்சா?"

"போவணும்."

"பாம்பு இருந்தா?"

"அதுகிட்ட வழி கேட்டுக்கினு போவணும்."

லீவு முடிகிற நேரத்தில்தான் தகராறு வந்தது. எந்த ஊருக்குப் போகிறாய் என்று நைனா கேட்டார். சொல்லக் கூடாது என்றான் அண்ணன்.

"பெத்தவன்கிட்டயுமா?"

"உன்கிட்ட சொன்னா கோலியனூரு பூரா தமுக்கு அடிச்ச மாதிரி நைனா."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவனோடு பேசவும் இல்லை. புறப்படுகிற அன்று விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வராமல், விடிந்ததும் கிணற்றுமேட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தான். கயிற்றை ஒரு தடவை இழுத்தான். மேட்டில் மணி அடித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பதில் வரவில்லை. மணிமேலேயே கண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"லைன் அறுந்துபோச்சா அண்ணா?"

"இல்ல பாப்பா, லைன் நல்லாத்தான் கீது" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

மழைக்காலத்தில் சீனாக்காரனோடு சண்டை வந்தது. பிறகு தந்தி வந்தது. தந்தியில் இல்லாததை, அண்ணனோடு வேலை பார்த்த திண்டிவனத்துக்காரர் ஒருவர் லீவில் வந்து சொன்னார்.

"மேல இருந்தவங்ககிட்டேருந்து பதில் வரலீங்க. கம்பியப் புடிச்சிக்கினே போனாரு. சேத்தும் புட்டாரு. பதில் வந்துச்சு. அவருதான் வரல."

நைனா தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அதில் ஒரு சொல்தான் மனதில் நின்றது. பதில் வந்தது என்றாரே.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கயிற்றை இழுப்பேன். பல நாள் போனது, ஒன்றும் வரவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் பக்கத்து மணி அடித்தது. "அண்ணன் கீறாரும்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கத்தாத. கம்பில பேசறத வெளிய சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சொன்னான் இல்ல?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இழுத்தேன், தினமும் பதில் வந்தது. அந்த நேரத்தில் மேட்டில் இருப்பது நைனாதான் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷராயிற்றே அவர். அவரை நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. நான் கேட்டதற்குப் பதில் வந்து கொஞ்ச நேரம் கழித்து, மணி இன்னொரு தடவை அடிக்கும். நான்தான் மறுபடி இழுக்கவில்லையே, இது எதற்கு என்று நினைத்துக்கொண்டே கேப்பைக்களி தின்ன ஓடிவிடுவேன்.

திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு, நானும் ஒரு பிள்ளையைப் பெற்று, அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "வர்றேம்மா" என்று சொன்ன காலையில்தான் அந்த இரண்டாவது மணி எனக்குப் புரிந்தது. அது எனக்கு வந்த பதில் இல்லை. எனக்கு முன்னால் அந்தக் கயிற்றை இழுத்துவிட்டுக் காத்து நின்றவனுக்கு.